ஏழாவது மைக்ரான்

புந்தா அரேனாசில் காற்று மிகும் மாதங்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
நெலிதா ஓயார்சோ கயிற்றைப் பார்த்துக்கொண்டே பிடிப்பாள்.
பார்வை விலகினால்
பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா
அவளுக்குத் தெரியாது.

காற்று அவளுக்குக் குளிர் மட்டும்தான்.
அது தள்ளுகிறது என்பதை
எதிரே சாய்ந்து வருபவர்களைப் பார்த்து அறிந்துகொள்கிறாள்.
முப்பத்தெட்டு வயது. தபால் நிலையத்தில் வேலை.
முத்திரை விழும் சத்தம் கேட்டால்
கை இறங்கிவிட்டது என்று அர்த்தம்.
மூன்று மணிக்கொரு முறை கைக்கடிகாரம் சிணுங்கும்:
போய் வா, நிரம்பியிருக்கும்.
நிரம்பியதைச் சொல்ல உள்ளே ஆளில்லை.

என் வேலை சின்னது.
முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கான
கண்ணாடிக் கோலால் ஒரு செல்லை அழுத்துவது.
ஒரு மைக்ரான். ஒன்றுமில்லை.
இரண்டு, மூன்று.
சவ்வு வளைந்து கொடுக்கிறது, வாய் திறப்பதில்லை.
ஏழில்
திரையில் ஓடும் கோடு தலைகுப்புற விழுகிறது,
விழுந்த வேகத்தில் எழுகிறது.

சவ்வைக் கிண்ணமாகக் குழித்துக்கொண்டு
அங்கே உட்கார்ந்திருக்கிறது மூன்று இதழ்ப் புரதம்.
சவ்வு இறுகினால் இதழ்கள் படியும்,
நடுவில் துளை விழும்.
போர்வெனீர் படகின் கதவு திறந்தாற்போல
சோடியமும் கால்சியமும் முண்டியடித்து உள்ளே.
கண்ணிமைப்பில் இருபதில் ஒரு பங்கு நேரம்.
அழுத்தம் நீடித்தாலும் கதவு சாத்திக்கொள்ளும்.
(போட்டிருக்கும் சட்டை நமக்கு மறந்துபோவதில்
அதற்கும் ஒரு பங்குண்டு.)

நெலிதாவுக்குத் தாய்வழி ஓரெழுத்துப் பிழை,
தந்தைவழி ஓரெழுத்துப் பிழை.
அவள் மரபணுவைச் செல்லில் ஏற்றி அழுத்தினேன்.
ஏழு. எட்டு. ஒன்பது.
காற்றே இல்லாத நாளின் நீர்ச்சந்தி போல் கிடந்தது கோடு.
அப்படியொரு நாளை இங்கே யாரும் கண்டதில்லை.
பத்தில் செல் கிழிந்தது.

புதன்கிழமை அவளே வந்தாள்.
"நல்ல செல்லைக் காட்டு, டானிட்சா."
அழுத்தினேன். விழுந்தது.
"இன்னொரு தடவை."
விழுந்தது.
பதினோரு தடவை கேட்டாள்.
"ஒரு கைகுலுக்கலில் இது எத்தனை?"
எனக்கு எண்ணத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது,
எங்கோ ஒரு கூரைத் தகரம் கம்பியில் மோதியிருக்கும்.
ஜன்னல் இல்லாத அறை.
இருட்டு வந்ததும் அவள் உடம்பு அவளைவிட்டு எழுந்து போய்விட்டது.
நாற்காலியிலிருந்து வழிந்தாள்,
கால் எது தரை எது என்ற கணக்கின்றி.
மெய் அங்கேதான் கிடந்தது,
பொய்யைப் போல.

தடவித் தடவிப் போய்ச் சேர்த்தணைத்தேன்.
என் முழங்கை, அவள் விலா,
என் தாடை, அவள் தோள்.
பட்ட இடமெல்லாம் எனக்குள்
ஆயிரம் படகுக் கதவுகள் திறந்து மூடின.
இருபது வருட வேலையில் முதன்முறையாக
அதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிடித்திருக்கிறாயா?"
"ஆமாம்."
"எங்கே?"
"இடது கை உன் முதுகில்."
"வலது?"
"தலைக்குக் கீழே."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"முதுகில் சூடு தெரிகிறது," என்றாள்.
"நீயா ஹீட்டரா என்று காத்திருந்து பார்த்தேன்.
ஹீட்டர் இதற்குள் ஆறியிருக்கும்."

அப்போது அவள் கடிகாரம் சிணுங்கியது.
இருட்டில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
கைபேசி விளக்கை அவள் பாதத்தின்மேல் காட்டினேன்.
அவள் அதையே பார்த்தாள்,
யாருடையதோ என்பது போல.
பாதம் அசைந்தது.
விளக்கை அடுத்த பாதத்துக்கு நகர்த்தினேன்.